மரக்காலையிலிருந்து மாதிரிக் கார் வரை

குறிஞ்சிப்பிட்டியில் மாதிரிக் கார் செய்து வர்ணம் பூசும் என்னிடம், "இதில் என்ன வியாபாரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானின் தமியா நிறுவனத்தைப் பாருங்கள். 1946இல் ஷிசுவோக்காவில் மரக்காலையாகத் தொடங்கியது. 1951இல் இருந்த மரமெல்லாம் தீயில் போயிற்று. பின்னர் மர வியாபாரத்தை விட்டு மாதிரிகளையே முழுத் தொழிலாக்கினார்கள். போர்ஷே மாதிரிக்காக நிஜமான 911 ஒன்றையே கழற்றிப் பார்த்தார்களாம்!

நான்கரை மீற்றர் கார் 1/24 அளவில் 19 சென்ரிமீற்றர்கூட வராது. தடித்த வர்ணம் கதவு விளிம்புகளை மூடிவிடும். மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிக்க வேண்டும். நமது கடற்காற்றின் ஈரத்தில் லெக்கர் வெளுத்துவிடும். காற்று உலர்ந்த பகலுக்காகக் காத்திருந்தே ஸ்ப்ரே அடிக்கிறேன். அந்த நாட்களையும் விலையில் சேர்க்கிறேன். பேரம் பேசுவோர் அதைத்தான் கணக்கெடுப்பதில்லை.