லா பாஸுக்கு எப்போது ஏறுவது?

அர்ஜென்டினாவின் கால்பந்து ரசிகர்களுக்கு ஓயாத விவாதம் ஒன்று உண்டு. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் போலிவியாவுக்குப் போய் ஆட வேண்டிய முறை வரும்போதெல்லாம் அது மறுபடி கிளம்பும். யாரை இறக்குவது என்பது அதில் பாதிதான். அணி எப்போது போய் இறங்குவது என்பது மீதிப் பாதி. முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்கிக்கொள்வதா, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது போய் நிற்பதா? வேறெந்த ஊர் ஆட்டத்துக்கும் விமானத்தின் நேரம் இவ்வளவு பெரிய உத்தியாக இருப்பதில்லை.

காரணம், லா பாஸ் நகரின் எர்னாண்டோ சிலெஸ் மைதானம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் சுமார் 3,600 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. மலையிலும் அதே 21 சதவீதம்தான். அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளிவிடும் அழுத்தம்தான் குறைந்துபோகிறது.

விளைவு என்ன என்பதற்கு இரண்டு ஆட்டங்கள் போதும். 1993 ஜூலையில் பிரேசில் அங்கே 2-0 என்று தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதுவரை அந்த அணி தோற்றதே இல்லை. இரண்டு கோல்களும் 88, 89ஆவது நிமிடங்களில் விழுந்தவை. 2009 ஏப்ரல் 1 அன்று மெஸ்ஸி, தேவெஸ், மாஸ்கெரானோ என்று நட்சத்திரங்கள் நிறைந்த அர்ஜென்டினா 6-1 என்று உதைபட்டது. போலிவியாவின் பொத்தேரோ மட்டும் மூன்று கோல் போட்டார். பயிற்சியாளர் மரடோனா. மலையில் ஆடுவதற்கு ஃபிஃபா தடை போடக் கூடாது என்று வாதாடி, அதற்கு முந்தைய ஆண்டு அதே லா பாஸுக்கு வந்து ஆடிக் காட்டியவர் அவர்! தோல்விக்குப் பிறகும் உயரத்தைச் சாக்காகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயரம் ஆட்டக்காரனின் வேகத்தைக் குறைத்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரே ஒரு ஓட்டம் என்றால் குறைக்காது. ஐந்தாறு நொடி விரட்டி ஓடத் தேவையான சக்தி தசைக்குள்ளேயே சேமிப்பாக இருக்கிறது. அந்த நேரத்துக்கு ஆக்சிஜனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. காற்றின் எதிர்ப்பு குறைவதால் ஓட்டம் சற்று வேகமாகக்கூட அமையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் 1968 ஒலிம்பிக் நடந்தபோது 100 மீட்டர் ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் உலக சாதனைகள் தகர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு. சிக்கல் அடுத்த ஓட்டத்தில் இருக்கிறது. செலவான சேமிப்பை மறுபடி நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். கடலோரத்தில் தசை மீள ஆகும் நேரத்துக்குள், லா பாஸில் அது முழுதாக மீண்டிருக்காது. கால்பந்தோ 90 நிமிடம் திரும்பத் திரும்ப விரட்டி ஓடும் ஆட்டம்.

ஆகவே எதிரணியின் பாதியிலேயே போய் நெருக்கிப் பந்தைப் பறிக்கும் பிரஸ்ஸிங் ஆட்டம் லா பாஸில் தற்கொலைக்குச் சமம். இருபது நிமிடம் பிரமாதமாக இருக்கும். பிறகு மிட்ஃபீல்டில் ஓட்டை விழும். விவரம் தெரிந்த ரசிகர் கேட்பது வேறு: டிஃபென்ஸ் கோட்டைப் பின்னால் இறக்கு, ஆட்டக்காரர்களுக்கு இடையே தூரத்தைக் குறை, பந்து கிடைத்தால் அவசரப்படாமல் வைத்துக்கொள். பந்தை விரட்டுபவனுக்கு மூச்சு வாங்கும், வைத்திருப்பவன் நடந்துகொண்டே ஆடலாம். 2023 செப்டம்பரில் அர்ஜென்டினா மெஸ்ஸி இல்லாமலே அங்கே 3-0 என்று வென்றபோது ஆடியது ஏறத்தாழ இப்படித்தான். முதல் பாதியிலேயே போலிவியாவில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதும் உதவியது. கையடக்க ஆக்சிஜன் குழாய்களைக் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். அவை பெரும்பாலும் மனத் தெம்புக்குத்தான் என்பது என் எண்ணம். ஓய்வறையில் இழுத்த ஆக்சிஜன் மைதானத்துக்கு வந்த சில நிமிடங்களில் காணாமல் போய்விடும்.

இனி விமானத்தின் நேரம். மலை ஏறியவரைப் பிடிக்கும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஆண்டிஸ் மக்கள் வைத்திருக்கும் பெயர் சொரோச்சே. ஏறிய உடனே அது வருவதில்லை. பொதுவாக ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். முதல் ஓரிரு நாள் மோசமாக இருக்கும். பல அணிகள் போலிவியாவிலேயே 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சாந்தா குரூஸ் நகரில் தங்கி, ஆட்டத்தன்று லா பாஸுக்குப் பறந்து, ஆடி முடித்ததும் இறங்கிவிடுவது இந்த இடைவெளியை நம்பித்தான். ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய் இறங்குவதுதான் இருப்பதிலேயே கெட்ட திட்டம்.

ஆனால் இந்தத் தந்திரம் தலைவலியிலிருந்துதான் காப்பாற்றும். ரத்தத்தில் ஆக்சிஜனை ஏற்றிவிடாது. அதற்கு உடம்பு மாற வேண்டும், குறைந்தது இரண்டு வாரமாவது வேண்டும். ஐரோப்பிய கிளப்புகள் ஆட்டக்காரர்களை அவ்வளவு நாள் விடுவதில்லை. ஒருமுறை அர்ஜென்டினா அந்த நீண்ட வழியை நேர்மையாகப் போய்ப் பார்த்தது. 1973இல் பயிற்சியாளர் சீவோரி பிரதான அணியிலிருந்து தனியே ஒரு இளைஞர் குழுவைப் பிரித்து, நாட்டின் வடக்கே மலையில் இருக்கும் தில்காராவுக்கு அனுப்பினார். பத்திரிகைகள் கண்டுகொள்ளாத அந்தக் குழுவுக்குப் ‘பேய் அணி’ என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டுச் செலவுக்கே அக்கம்பக்கத்து ஊர்களில் காட்சி ஆட்டம் ஆடிக் காசு சேர்த்தார்களாம். செப்டம்பரில் லா பாஸில் ஃபோர்னாரியின் கோலால் 1-0 என்று வென்றார்கள். அந்தக் குழுவில் இருந்த மாரியோ கெம்பெஸ், ஐந்து ஆண்டு கழித்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர்.

விவாதத்தில் எல்லோரும் நுரையீரலைப் பற்றியே பேசுகிறார்கள். பந்தை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் குறை. லா பாஸில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுத்து வேகம் குறைப்பதும் அதே காற்று, சுழலும் பந்தை ஒரு பக்கமாக வளைப்பதும் அதே காற்று. இரண்டும் அதே அளவில் குறைகின்றன. 25 மீட்டரிலிருந்து அடித்த ஷாட்டுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால், கோல்கீப்பர் பழகிய நேரத்தைவிட நொடியில் இருபதில் ஒரு பங்கு முன்னதாகப் பந்து வந்துவிடும். அதற்குள் அது கடக்கும் தூரம் ஒரு மீட்டருக்கு மேல். கடலோரத்தில் மூன்று மீட்டர் வளையும் ஃப்ரீ கிக் இங்கே இரண்டு மீட்டர்தான் வளையும். நீண்ட பாஸ், ஓடிப் போகும் ஆளைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே போய் விழும். கடைசி நேரத்தில் வந்து இறங்கும் அணி தன் உடம்பை ஏமாற்றிவிடலாம். இந்தக் கணக்கைப் பழக அதற்கு ஒரு பயிற்சி கூடக் கிடைப்பதில்லை. கேட்டால், கோல்கீப்பரையும் ஃப்ரீ கிக் அடிப்பவரையும் மட்டுமாவது முதலிலேயே அனுப்பு என்பேன்.

உயரத்தின் பலம் எவ்வளவு என்று பேட்ரிக் மெக்ஷாரி என்ற ஆய்வாளர் தென் அமெரிக்காவின் 1,460 சர்வதேச ஆட்டங்களை எடுத்து அலசி, 2007இல் வெளியிட்டார். ஒரே உயரத்து அணிகள் மோதினால் சொந்த ஊர் அணி வெல்லும் வாய்ப்பு 53.7 சதவீதம். போலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் உள்ளதைப் போன்ற உயர வித்தியாசம் இருந்தால் அது 82.5 சதவீதம். அதே ஆண்டுதான் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் தகுதி ஆட்டங்களுக்குத் தடை போட்டது, எதிர்ப்பு வந்ததும் வரம்பைத் தளர்த்தியது, 2008இல் தடையை நிறுத்தியே வைத்தது.

ஆனால் போலிவியாவின் ஆட்டக்காரர்களிலும் பலர் தாழ்வான சாந்தா குரூஸ் பகுதியிலிருந்து வருபவர்கள். 1993இல் பிரேசிலுக்கு எதிராக முதல் கோல் போட்ட எச்சேவெர்ரியும் அந்த ஊர்தான். மலை எல்லோருக்கும் தாய்வீடு இல்லை, அவர்களும் ஏறித்தான் வர வேண்டும்.

2024இல் போலிவியா தன் ஆட்டங்களை இன்னும் மேலே, 4,100 மீட்டரைத் தாண்டிய எல் ஆல்தோ நகருக்கு மாற்றியது. வெனிசுவேலா 4-0 என்று தோற்றது, கொலம்பியா 1-0 என்று தோற்றது. 2025 செப்டம்பரில் பிரேசிலும் அங்கே 1-0 என்று தோற்றது. அந்த வெற்றியால் போலிவியாவுக்குப் பிளேஆஃப் இடம் கிடைத்தது. ஆட்டத்தின் ஒரே கோல், மெல்லிய காற்று பெரிதாக எதையும் மாற்றிவிட முடியாத 11 மீட்டர் பெனால்டி. அடித்த மிகேல் தெர்சேரோஸ் அப்போது ஆடிக்கொண்டிருந்தது ஒரு பிரேசில் கிளப்புக்கு.