ஒரு கப் சீனி எத்தனை கிராம்?

திரிங்காப்பில் காய்கறிக் கொல்லைகளுக்கு நடுவே ஸ்ட்ராபெரித் தோட்டங்களும் உண்டு. அங்கே பழம் வாங்கி, பள்ளி விடுமுறையில் ஜாம் காய்ச்சி விற்கலாம் என்று ஐந்தாம் படிவம் படிக்கும் என் சித்தி மகள் கிளம்பினாள். அவள் கையில் இருந்த குறிப்பு இதுதான்: பழம் 1 கிலோ, சீனி 750 கிராம், எலுமிச்சைச் சாறு 30 மில்லிலிட்டர். சித்தி வீட்டில் தராசு கிடையாது. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் மட்டுமே இருந்தது.

750 கிராம் சீனி என்றால் மூன்றே முக்கால் கப் என்று எங்கோ படித்து வைத்திருந்தாள். "கப்னா கப்தானே அக்கா, எல்லாம் ஒன்னுதானே?" என்றாள்.

ஒன்றில்லை மாணவர்களே. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் கொள்ளும். ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானில் சமையல் கப் 200. ரைஸ் குக்கர் கப்போ 180 மில்லிலிட்டர்தான். அது 'கோ' என்ற பழைய ஜப்பானிய அரிசி அளவு. மூன்றே முக்கால் என்பது 240 மில்லிலிட்டர் கப்புக்கான கணக்கு. அந்தக் கப்பில் சீனி 200 கிராம் பிடிக்கும். ரைஸ் குக்கர் கப்பில் 150 கிராம்தான் பிடிக்கும். ஆகவே அவளுக்கு வேண்டியது 5 கப். மூன்றே முக்காலோடு நிறுத்தினால் சீனி 560 கிராம் அளவில் நின்றுவிடும். ஏறக்குறைய 190 கிராம் குறையும்.

இனிப்புக் குறைந்தால் உடம்புக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். ஜாமில் சீனி இருப்பது ருசிக்காக மட்டுமல்ல. பழத்தின் நீரைச் சீனி பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் வளரத் தேவையான நீர் கிடைப்பதில்லை. அதனால்தான் ஜாமில் நீரில் கரைந்த திடப்பொருள் (பெரும்பாலும் சீனி) 60 முதல் 65 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று அனைத்துலக உணவுத் தரநிலையான கோடெக்ஸ் சொல்கிறது. ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். 750 கிராம் சீனி போட்டு 65 விழுக்காட்டுக்குக் காய்ச்சினால் சுமார் 1.28 கிலோ ஜாம் கிடைக்கும். 190 கிராம் குறைத்துப் போட்டு அதே 1.28 கிலோவில் இறக்கினால் 50 விழுக்காடுதான் தேறும். நம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தின்றுவிட்டால் பரவாயில்லை. காசு கொடுத்து வாங்கியவர் அலமாரியில் வைத்திருந்து, மூடியைத் திறக்கும்போது பூஞ்சை தெரிந்தால் என்ன ஆகும்?

கப் எது என்று தெரிந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. கப் கொள்ளளவைக் காட்டுகிறது, கிராம் எடையைக் காட்டுகிறது. ஒரே 240 மில்லிலிட்டர் கப்பில் தண்ணீர் 240 கிராம், தேன் 340, சீனி 200, கோதுமை மாவு 125 கிராம் அளவில் இருக்கும். இதுவும் அளக்கும் கையைப் பொறுத்தது. மாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டுத் தலைதட்டினால்தான் 125. கப்பை மாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். ஜாமோடு தின்ன ஸ்கோன் சுடுகிறவர்களுக்கு இரண்டு கப்பில் 50 கிராம் மாவு கூடிவிட்டால் ஸ்கோன் வறண்டு போகும். நெல்லைத் தலைதட்டி அளப்பதா, கோபுரமாக விட்டு அளப்பதா என்பது நம் முன்னோருக்கும் தகராறாகத்தான் இருந்திருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்று மரக்காலுக்கே பெயர் சொல்லி அளவைக் குறிக்கின்றன. எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் கணக்கு நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, தராசு இல்லாத வீட்டில் என்ன செய்வது? எடை அச்சிட்ட பொட்டலமே தராசுதான். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைப் பிரித்து, உங்கள் கப்பால் தலைதட்டி எத்தனை கப் வருகிறது என்று எண்ணுங்கள். 1000ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் கப்பில் எத்தனை கிராம் சீனி பிடிக்கும் என்று தெரிந்துவிடும். சித்தி மகள் அளந்தபோது ஆறரைக் கப்புக்குச் சற்று மேலே வந்தது. மாவுக்கும் இதே வழிதான். பழைய பால் டின்னாக இருந்தாலும் செல்லும். கப்பின் கொள்ளளவு தெரிய வேண்டுமானால் 500 மில்லிலிட்டர் தண்ணீர் போத்தல் போதும். பழத்தை மட்டும் கப்பில் அளக்க வேண்டாம். முழுப் பழத்துக்கு நடுவே காற்றுதான் அதிகம். வாங்கும்போதே நிறுத்து வாங்கிவிடுங்கள்.

கரண்டிக் கணக்கு சுலபம். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. ஆகவே அந்த எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. ஆஸ்திரேலியக் குறிப்பானால் கவனம், அவர்களுடைய மேசைக்கரண்டி 20 மில்லிலிட்டர். பேக்கிங் பவுடர், உப்பு போன்றவற்றுக்குத் தராசு இருந்தாலும் நான் கரண்டியைத்தான் எடுப்பேன். வீட்டுத் தராசுகள் பெரும்பாலும் ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். 4 கிராம் பேக்கிங் பவுடரில் அரை கிராம் தவறினாலும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஒரு தேக்கரண்டி தலைதட்டிப் போட்டால் வேலை முடிந்தது.