பக்கவாதமும் நிற்கும் ஆற்றலும்

நேராக நிற்பது எளிய செயலாகத் தோன்றினும், அது இடையறாது நடைபெறும் ஒரு திருத்தப் பணியாகும். நிற்கும் உடல் எப்பொழுதும் சிறிதளவு அசைந்த வண்ணமே உள்ளது. அவ்வசைவைக் கண்களும், உட்செவியும், பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு நரம்புகளும் மூளைக்கு அறிவிக்கின்றன. பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு ஆகியவை இச்செய்திகளை ஒன்றுபடுத்தித் தசைகளை இயக்குகின்றன. ஒருவரை எதிர்பாராது தள்ளினால், ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் அவருடைய கால் தசைகள் இறுகி, விழாமல் காக்கின்றன. கையை உயர்த்துவதற்கு முன்பே காலும் முதுகும் ஆயத்தமாகிவிடுகின்றன.

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ நேரும் பக்கவாதம் இவ்வொழுங்கைக் குலைக்கிறது. பாதிக்கப்பட்ட பக்கத்துத் தசைகள் தாமதமாகவும் வலுக்குன்றியும் இயங்குகின்றன. உடலின் எடை பெரும்பாலும் நல்ல காலின் மீதே விழுகிறது, தள்ளாட்டம் மிகுகிறது. சிலருக்கு நேர்நிலை பற்றிய உணர்வே பிறழ்ந்து, செயலிழந்த பக்கமாகவே உடலைத் தள்ளுவர். காலுணர்வு குன்றியவர்கள் கண்களையே பெரிதும் நம்பி நிற்கின்றனர்.

மும்பையின் ஒரு பகுதியில் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் நடத்தப்பட்ட பதிவாய்வில், ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் சுமார் 145 பேர் பக்கவாதத்திற்கு ஆளானதாகக் கண்டறியப்பட்டது. தமிழர் பலர் வாழும் தாராவியில் குறுகிய ஈரச் சந்துகளும், ஏணி போன்ற படிகளும், வீட்டிற்கு வெளியே அமைந்த பொதுக் கழிப்பிடங்களும் உள்ளன. இரவில் வெளியே செல்லும் நோயாளிக்கு இருளில் கண்ணின் துணை குறைகிறது. வழுக்கும் தரையில் காலின் பிடிப்பும் தளர்கிறது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டு வந்த நலனும் வீணாகும்.

இதற்குப் பயிற்சியே தலையாய வழி. அமர்ந்து எழுதல், எடையை இரு கால்களுக்கும் மாற்றுதல், நின்றபடி பொருளை எட்டி எடுத்தல் முதலியவற்றைத் துணையுடன் நாள்தோறும் பலமுறை செய்தல் வேண்டும். மீட்சி முதல் மூன்று மாதங்களில் விரைந்து நிகழ்வதால், தொடக்கத் தாமதம் பேரிழப்பாகும். பதினான்கு எளிய செயல்களைக் கொண்ட பெர்க் அளவுகோல், 56 மதிப்பெண்களுக்கு முன்னேற்றத்தை அளக்க உதவுகிறது.

ஹாஜி அலியில் 1955 முதல் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இயங்கி வருகிறது. தாராவியை அடுத்துச் சயான் மருத்துவமனை உள்ளது. ஆயினும், நாட்கூலி பெறும் குடும்பம் நோயாளியை அடிக்கடி அழைத்துச் செல்வது அரிது. எனவே, பயிற்சியைக் குடியிருப்புக்கு அருகிலேயே அளிப்பதும், பராமரிப்பவருக்குக் கற்பிப்பதும், படிகளில் கைப்பிடியும் கழிப்பிட வழியில் விளக்கும் அமைப்பதும் மறுவாழ்வுப் பணியின் பகுதிகளாகக் கருதப்பட வேண்டும்.