வீட்டு அலுவலும் உடல் நலமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் அடங்கிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதி நெடுங்காலம் ஆலைச் சங்கின் ஒலிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. சங்கு ஊதினால் வேலை; மறுபடி ஊதினால் உணவு; மூன்றாம் முறை ஊதினால் வீடு. அந்த ஒலிக்குப் பின்னால் ஒரு சட்டமும் நின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சாதாரணமாக ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கும் மேல் வேலை செய்யலாகாது என்று வரையறுத்தது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கணிப்பொறியில் பணிபுரிவோர் தம் அலுவலகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தனர். நோய் தணிந்தபின் பலர் திரும்பிச் சென்றுவிட்டனர். ஆயினும் வாரத்தில் சில நாளேனும் வீட்டிலிருந்தே வேலை செய்வோர் நம் தெருக்களில் இன்றும் உள்ளனர். வேலை வீட்டுக்கு வந்தது; சங்கு மட்டும் வரவில்லை. அந்தச் சங்கை நாம் எவ்வாறு மீட்டுக்கொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நேயர்களே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி மணியோடு வாழ்ந்தவன் நான். நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு மணி. முற்பகலில் ஒரு சிறு இடைவேளை. வாரத்தில் சில பாடவேளை விளையாட்டு. இந்த ஏற்பாடு மாணவர்க்குக் காட்டும் சலுகை அன்று. ஓய்வும் பாடத்தின் ஒரு பகுதியே என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பொருந்தும் விதி நாற்பது வயதுத் தகப்பனாருக்குப் பொருந்தாது என்று எண்ணுவதற்கு உடற்கூற்று நூலில் ஆதாரம் இல்லை.

உட்கார்ந்தே செய்யும் தொழிலின் தீமையை நம் காலத்தவர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாத்சீனி தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் அதை விரிவாக்கினார். எழுத்தர்களுக்கு வரும் துன்பங்களுக்கு அவர் கூறிய காரணங்கள் மூன்று: ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே வகையில் அசைத்துக்கொண்டிருத்தல், பிழை நேராதிருக்க மனம் படும் பாடு. இறகுப் பேனாவை எடுத்துவிட்டு விசைப்பலகையை வைத்தால், அம்பத்தூர் இளைஞர் ஒருவரின் நாள் அப்படியே அதில் தெரியும்.

1953இல் ஜெரமி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர், இலண்டன் நகர் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இருவரும் ஒரே வண்டியில் செல்பவர்கள். ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குவார். இதயநோய் ஓட்டுநரிடமே மிகுதியாகக் காணப்பட்டது. ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருத்த உடலினர் என்பதையும் மாரிஸ் பின்னர்ச் சீருடை அளவுகளைக் கொண்டு கண்டறிந்து, மறைக்காமல் வெளியிட்டார். ஆராய்ச்சியாளரின் நேர்மைக்கு இதனினும் நல்ல சான்று நான் அறியேன். அவருக்குப் பின் வந்த பல ஆய்வுகளும் உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதையே உறுதிப்படுத்தின.

காரணம் எளிது. தசை இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கும் இரத்தத்தை மேல்நோக்கி அழுத்துகிறது. மதியச் சாதம் முடிந்ததும் மீண்டும் நாற்காலியில் அமர்ந்தால் இவ்விரண்டும் தளர்ந்துவிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அரிசிச் சோறு உண்டு அசையாதிருக்கும் நமக்கு இது பிறர் வீட்டுச் செய்தி அன்று.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் திருமுல்லைவாயிலில் வசிக்கிறார். வயது நாற்பது ஆகவில்லை. சென்ற ஆண்டு அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை கண்டது. “ஐயா, நான் இனிப்பே தொடுவதில்லையே!” என்று வருந்தினார். அவருடைய கைபேசியில் அடிகளை எண்ணும் கருவி இருக்கிறது. முந்தைய நாளின் கணக்கைப் படித்துக் காட்டச் சொன்னேன். காலை முதல் இரவு வரை எழுநூறு அடிகூட இல்லை. முன்பெல்லாம் அவர் அண்ணனூர் நிலையத்துக்கு நடந்து, மேம்பாலப் படி ஏறி இறங்கி, மின்சார ரயிலில் நின்றுகொண்டே சென்றவர். அதை அவர் ஒருநாளும் தேகப்பயிற்சி என்று கருதியதில்லை. தொல்லை என்றே கருதினார். அந்தத் தொல்லை நீங்கியபோது நடையும் உடன் நீங்கிவிட்டது.

இப்போது அவர் கைபேசியே அவருக்குப் பள்ளி மணி. அரை மணிக்கு ஒருமுறை அது ஒலிக்க, எழுந்து மாடிப்படி ஏறி இறங்குகிறார். உரையாடல் மட்டுமே உள்ள கூட்டங்களைக் காதுக்கருவி அணிந்து கூடத்தில் நடந்துகொண்டே கேட்கிறார். உண்டபின் பத்து நிமிடம் தெருவில் உலவுகிறார். மருந்தை மருத்துவர் சொற்படியே உட்கொள்கிறார். நடை அதற்குத் துணை.

நாளுக்குப் பதினாயிரம் அடி நடந்தே தீரவேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வு வகுத்த அளவு அன்று. அதற்குக் குறைவான நடையிலேயே பெரும்பயன் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறிய அளவு, வயது வந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி நேர விரைவு நடை வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்குச் சரியாகிவிடும்.

அடுத்து இருக்கை. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்துக் குனிகிறது. கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் உயர்கிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தலையைக் குனிந்த நிலையில் நாள் முழுதும் தாங்கும் கழுத்து வலிக்காமல் என் செய்யும்? கட்டிலில் சாய்ந்து வேலை செய்வோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தனி விசைப்பலகை ஒன்று வாங்கி, கணினியைத் தடித்த புத்தகங்களின்மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு வைத்தால் போதும். பழைய அகராதிகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும். பாதம் தரையில் படியவேண்டும். எட்டாவிட்டால் மணைப்பலகை ஒன்று இடலாம்.

திரையை உற்றுநோக்கும்போது நாம் இமைப்பது வெகுவாகக் குறைகிறது. கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் தோன்றுகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை, இருபது விநாடி நோக்குங்கள் என்று கண் மருத்துவர்கள் கூறுவர். எதிர்வீட்டுத் தென்னையோ வேம்போ இதற்குப் போதும்.

நேரத்தின் எல்லையே யாவற்றினும் கடினமானது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடு மிகுதி என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் அறிவித்தன. அமெரிக்கக் கீழைக்கரையில் காலை 9 மணி என்றால் நமக்குப் பருவத்திற்கேற்ப மாலை 6.30 அல்லது 7.30. அங்குள்ளோர் பகலெல்லாம் நம்மவர் இரவாகக் கழிகிறது. அத்தகையோர் தூங்கும் அறையில் கணினியை வைக்கலாகாது. எழுந்தவுடன் பகல் வெளிச்சத்தில் சிறிது நேரம் நிற்கவேண்டும். உறங்கும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றலாகாது. வீட்டார் அந்த உறக்கத்தை மதித்து, அழைப்பு மணியையும் தொலைக்காட்சியையும் அடக்கி வைத்தல் பேருதவி.

பெண்களின் நிலை இதனினும் கடிது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டே அவர்கள் எண்ணுவது குக்கரின் விசிலை. அந்த ஒலி எழுப்பிவிடுவது ஓய்வுக்காக அன்று, இன்னொரு வேலைக்காக. கணவரும் மாமியாரும் அடுப்பைப் பகிர்ந்துகொள்ளாத வீட்டில், நான் மேலே சொன்ன அரை மணி ஒழுங்கு அவருக்கு ஏட்டுச் சுரைக்காயே.

மருத்துவரையும் இன்று வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம். தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே வெளியிட்டது. ஈ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை வழியாகத் திரையில் மருத்துவரைக் காணலாம். மனச்சோர்வுக்கும் உறக்கமின்மைக்கும் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அதில் தமிழிலேயே பேசலாம். தனி அறையில் நாள் முழுதும் சகபணியாளர் முகம் காணாதிருப்போர் இவ்வெண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் நெஞ்சில் அழுத்தமோ, ஒரு பக்கம் கை கால் தளர்வோ, நாக்குழறலோ கண்டால் திரை மருத்துவத்துக்குக் காத்திராமல், அக்கணமே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.