25 நிமிடத்தில் தானாக அணையும் டிவி: சூடுதான் காரணமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி, "நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று அணைந்துவிட்டது, ஏன்?" என்பதுதான். இதே கேள்வியை என் ஆயா டிவியைக் காட்டிக் கேட்டபோது, இரண்டுக்கும் பதில் தேடும் வழி ஒன்றுதான் என்று புரிந்தது. அந்த வழியை இங்கு தருகிறேன்.

எங்கள் வீடு திருத்தணியில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. முருகன் கோயிலின் 365 படிகளையும் வருடம் தவறாமல் ஏறிய ஆயாவுக்கு இப்போது முட்டி வலி. பகல் முழுவதும் டிவிதான் துணை. ஒரு மே மாதம், அந்த டிவி மாலையில் போட்டால் அரை மணி நேரம்கூட ஓடாமல் அணைய ஆரம்பித்தது. வந்து பார்த்த மெக்கானிக், "போர்டு போய்விட்டது, 5,500 ரூபாய் ஆகும்" என்றார். சனிக்கிழமை சென்னையிலிருந்து ரயிலேறிப் போனேன்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். அதனால் முதலில் செய்த தவறும் சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டதே! டிவியின் சாஃப்ட்வேரை அப்டேட் செய்தேன், பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்தேன். ஒரு நாள் வீணானதுதான் மிச்சம். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குறித்து வையுங்கள்

விண்டோஸ் கம்ப்யூட்டர் திடீரென அணைந்தால், அடுத்த முறை இயக்கும்போது 'ஈவென்ட் வியூவர்' பகுதியில் அதைப் பற்றிய குறிப்பு பதிவாகியிருக்கும். டிவியில் நாம் பார்க்கக்கூடிய அப்படிப்பட்ட பதிவு பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே நாமே எழுத வேண்டும். என் நோட்டில் இருந்தவை இவை:

- மாலை 7.00 மணிக்குப் போட்டேன். 25 நிமிடத்தில் அணைந்தது.
- உடனே மறுபடி போட்டேன். 4 நிமிடத்தில் அணைந்தது.
- 40 நிமிடம் ஆறவிட்டுப் போட்டேன். 24 நிமிடம் ஓடியது.
- மறுநாள் காலை 6 மணிக்குப் போட்டேன். 70 நிமிடம் ஓடியது.

இந்த நான்கு வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஆறவிட்டால் அதிக நேரம் ஓடுகிறது, உடனே போட்டால் சீக்கிரம் அணைகிறது, குளிர்ந்த காலையில் தாக்குப்பிடிக்கிறது என்றால், சந்தேகம் சூட்டின் மேல்தான் விழும்.

மற்ற காரணங்களை நீக்குங்கள்

ஆனாலும் சந்தேகம் தீர்ப்பு ஆகாது. சூடு இல்லாமலும் டிவி அணையலாம். ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள்.

1. ஸ்லீப் டைமர்: சரியாக 30 நிமிடம், 60 நிமிடம் என்று அணைந்து, உடனே போட்டால் நன்றாக ஓடினால் மெனுவில் இதைப் பாருங்கள்.

2. செட்டாப் பாக்ஸ்: பாக்ஸ் அணைந்தால் டிவியையும் சேர்த்து அணைக்கும் வசதி சில டிவிகளில் உண்டு. எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றிவிட்டு, பென் டிரைவில் ஒரு படத்தைப் போட்டு ஓடவிடுங்கள். அப்போதும் அணைந்தால் பாக்ஸ் நிரபராதி.

3. மின்சாரம்: அணைந்தவுடன் டிவியின் சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது, டிவிதான் தன்னை அணைத்துக்கொண்டது. விளக்கும் அணைந்திருந்தால் பிளக், ஸ்டெபிலைசர், டிவியின் பவர் பகுதி ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். மாலையில் வோல்டேஜ் குறையும்போது ஸ்டெபிலைசரே இணைப்பைத் துண்டிப்பது உண்டு. வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள்.

எங்கள் டிவி மூன்று சோதனைகளுக்குப் பிறகும் அணைந்தது. சிவப்பு விளக்கும் சேர்ந்தே அணைந்தது.

ஃபேன் சோதனை

இப்போதுதான் முக்கியமான சோதனை. ஒரு டேபிள் ஃபேனை டிவியின் பின்பக்கம் காற்று படும்படி வையுங்கள். வேறு எதையும் மாற்ற வேண்டாம். 25 நிமிடம் தாண்டாத எங்கள் டிவி, ஃபேன் காற்றில் 2 மணி நேரம் ஓடியது. சூடுதான் என்று உறுதியாகிவிட்டது.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான். இன்றைய ப்ராசசர்கள் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஃபேன் வைத்தால் அணையாமல் ஓடுகிறது என்றால், உள்ளே தூசு அடைத்திருக்கிறது அல்லது சிபியு ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம்.

சூடு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான டிவிகளின் கையேட்டில், அறை வெப்பம் 40 டிகிரி வரை இருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். கோடையில் வேலூரோடு சேர்த்து திருத்தணியின் பெயரும் வானிலை அறிக்கையில் அடிபடுவது உங்களுக்குத் தெரியும். வெளியே வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் டிவியோ மேற்குச் சுவரில் இருக்கும் அலமாரிக்குள் இருந்தது. மூன்று பக்கமும் சுவர், பின்னால் செட்டாப் பாக்ஸ், மேல் தட்டில் சாமி படம். ஊதுபத்திப் புகையும் விபூதியும் சேர்ந்து காற்றுத் துளைகளில் படிந்திருந்தன. போதாததற்கு ஒரு பல்லி முட்டை வேறு!

பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துளைகளைத் துடைத்தேன். டிவியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, சுற்றிலும் 10 செ.மீ. இடைவெளி விட்டு மேஜையில் வைத்தேன். பாக்ஸைத் தனியாக வைத்தேன். டிவி மாலை முழுவதும் ஓடியது. ஆயாவுக்கு மகிழ்ச்சி.

அத்தோடு முடியவில்லை

மறுநாள் மதியம், வெயில் உச்சத்தில் இருந்தபோது, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி அணைந்தது. காற்றோட்டம் இருந்தும் அணைகிறது என்றால், உள்ளே ஏதோ ஒரு பாகம் சூட்டைத் தாங்க முடியாமல் இருக்கிறது. இதற்கு மேல் நம் வேலை இல்லை. வேறொரு மெக்கானிக்கை அழைத்து நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு, "டிரை சால்டராக இருக்கும்" என்றார். பவர் போர்டில் ஒரு காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் இருந்தது. சூட்டில் விரிந்து இணைப்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். மறுபடி சால்டர் வைத்தார். செலவு 350 ரூபாய்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. காலையில் போட்டவுடன் ஆன் ஆகாமல் திணறி, சூடேறிய பிறகு சரியாக ஓடினால் கெப்பாசிட்டர் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். இதன் எதிரியும் சூடுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையின் பொது விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கெப்பாசிட்டர், 85 டிகிரியில் 8,000 மணி நேரமும், 75 டிகிரியில் 16,000 மணி நேரமும் தாங்கும். தினமும் 5 மணி நேரம் என்று கணக்கிட்டால், அந்த 10 டிகிரி வித்தியாசம் நாலரை வருடத்தை ஒன்பது வருடமாக்கும். டிவிக்குப் பின்னால் விடும் இடைவெளிக்கு இதுதான் மதிப்பு.

எச்சரிக்கை

டிவியின் பின்மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் பகுதியின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் ட்யூப் டிவி என்றால் இன்னும் ஆபத்து. வண்ண டிவி ட்யூபில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். கருகிய வாடையோ புகையோ வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிவி வாரண்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டருக்கே சொல்லுங்கள்.

மெக்கானிக்கிடம் "டிவி அணைகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகித்துத்தான் ஆக வேண்டும். அந்த ஊகத்தின் விலை எங்களுக்கு 5,500 ரூபாயாக இருந்திருக்கும். எத்தனை நிமிடத்தில், எந்த நேரத்தில், எதை மாற்றியபோது என்று எழுதிக் கொடுத்தால் அவர் வேலை சுலபமாகும். கம்ப்யூட்டரோ டிவியோ, அடுத்த முறை அணையும்போது முதலில் பேனாவை எடுங்கள்.