பொருந்துவதும் உரியதும்

நுழையும்முன்

கடையில் செருப்பு வாங்கும்போது காலை நுழைத்துப் பார்க்கிறோம். கால் நுழைந்துவிட்டால் போதுமா? நான்கு அடி நடந்து பார்த்த பின்னரே அது நமக்கு உரியதா என்பது தெரியவரும். வண்டியின் உறுப்புகளும் அவ்வாறே. நம் வீட்டு வண்டியில் உள்ள எண்ணெய் வடிகட்டி என்னும் சிறு உறுப்பைப் பற்றியும், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

மலையேறும் ஜீப்

தேனி மாவட்டத்தின் போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உங்களுள் சிலருடைய பெற்றோரும் அவ்வழியே சென்று வருபவர்களாக இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருவரின் தந்தை இத்தகைய ஜீப் ஒன்றை ஓட்டி வந்தார். ஒருநாள் வண்டிக்கு எண்ணெய் மாற்றியபோது வடிகட்டியையும் மாற்றினார். அவர் கேட்ட வடிகட்டி கடையில் இல்லை. “இதுவும் சேரும்” என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். விலையும் குறைவு. திருகிப் பார்த்தார்; மரை சரியாகச் சேர்ந்தது. ஒன்பது நாள்கள் குறையொன்றும் தெரியவில்லை.

பத்தாம் நாள் மலைப்பாதையில் ஏறும்போது ஓட்டுநர் முன்னுள்ள சிவப்பு விளக்கு எரிந்தது. மேட்டை அடைந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, மேலும் மூன்று வளைவுகளைக் கடந்தார். அதற்குள் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. நல்வேளையாக எவருக்கும் ஊறு நேரவில்லை. ஆனால் மழைக்காலத்துக்கு முன் வீட்டுக்கூரையை மாற்றவேண்டும் என்று சேர்த்து வைத்த பணம் முழுவதும் பணிமனைக்குப் போயிற்று. அவ்வாண்டு மழையில் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரம் வைத்துக் காலம் கழித்தனர்.

அம்மாணவி என்னிடம் கேட்டார்: “ஐயா, மரைதான் சரியாகச் சேர்ந்ததே! பிறகு எண்ணெய் எப்படி ஒழுகியது?”

எனக்கு விடை தெரியவில்லை. பணிமனையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவ்விடையே இப்பாடம்.

எண்ணெயின் பணி

இயந்திரத்தினுள் உலோகப் பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி இயங்குகின்றன. வண்டி சாலையில் செல்லும்போது கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் முதன்மை அச்சு நிமிடத்திற்கு 2,000 முறைக்கு மேலும் சுழலும். அச்சும் அதனைத் தாங்கும் பேரிங்கும் நேருக்கு நேர் உரசினால் சிறிது நேரத்தில் சூடேறித் தேய்ந்து இறுகிவிடும். அவ்வாறு நேராமல் இடையே மெல்லிய படலமாக நின்று காப்பது மசகு எண்ணெய். அது வெப்பத்தைக் கடத்துகிறது; துருவைத் தடுக்கிறது; தேய்ந்து உதிரும் உலோகத் துகள்களையும் கரியையும் தன்னோடு சுமந்து வருகிறது.

சிறிய கார் ஒன்றில் ஏறத்தாழ 3 முதல் 4 லிட்டர் எண்ணெய் இருக்கும். அடியிலுள்ள தொட்டியிலிருந்து எண்ணெய்ப் பம்பு அதனை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அந்த எண்ணெய் முதலில் வடிகட்டிக்குள் நுழைந்து, தூய்மை அடைந்த பின்னரே பேரிங்குகளுக்குச் செல்லும். சிறுநீரகம் குருதியை வடிகட்டுவது போன்ற பணி இது.

வடிகட்டி வந்த கதை

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் இத்தகைய வடிகட்டி இல்லை. பம்பின் வாயில் பெரிய துகள்களைத் தடுக்கும் கம்பிவலை மட்டும் இருந்தது. ஆகவே சில நூறு மைல்களுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள பொள்ளாச்சியை நீங்கள் அறிவீர்கள். கோயம்புத்தூரின் புகழ்பெற்ற அறிஞர் ஜி. டி. நாயுடு, 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1923ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். கையால் திருகி மாட்டவும், பழையதாயின் கழற்றி நீக்கவும் ஏற்ற உருளை வடிவ வடிகட்டி 1950களில் பரவியது. இன்று பல வண்டிகளில் நாம் காண்பது அதுவே. சில புதிய கார்களில் கூடு நிலையாக இருக்க, உள்ளிருக்கும் காகிதப் பகுதியை மட்டும் மாற்றுவர்.

உருளைக்குள் இருப்பவை

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு தகரக் குவளை போலத் தோன்றும். அதனுள்ளே நான்கு பகுதிகள் முக்கியமானவை.

முதலாவது, விசிறிபோல் மடிக்கப்பட்ட வடிகாகிதம். எண்ணெய் வாய்த்தட்டின் ஓரச் சிறுதுளைகள் வழியே நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடுத்துளை வழியே வெளியேறும். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதனினும் மிக நுண்ணிய, 20 அல்லது 30 மைக்ரான் அளவுள்ள துகள்களையும் நல்ல வடிகட்டி பிடிக்கும். துளைகளை இன்னும் நுண்ணியதாக்கினால் என்ன? எண்ணெய் செல்லத் தடை கூடும். காகிதமும் விரைவில் அடைபடும். ஆகவே துகளைப் பிடிப்பதற்கும் எண்ணெயை விடுவதற்கும் இடையே ஒரு சமநிலை தேவை. அச்சமநிலை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

இரண்டாவது, பைபாஸ் வால்வு. காகிதம் அடைபட்டாலோ, குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலோ இது திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேரே அனுப்பும். எண்ணெயே கிடைக்காமல் போவதைவிட அழுக்கு எண்ணெய் கிடைப்பது மேல் அல்லவா? மூணாற்றில் சனவரி மாதத்து விடியலில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். அந்நேரத்தில் வண்டியைக் கிளப்பியவுடன் இவ்வால்வு திறப்பது இயல்பு. இது எந்த அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பதை இயந்திரத்தை வடிவமைத்தவரே முடிவு செய்கிறார்.

மூன்றாவது, எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. வண்டி நிற்கும்போது இது எண்ணெயை உருளைக்குள்ளேயே நிறுத்திவைக்கும். இது இல்லாவிட்டால், காலையில் கிளப்பும்போது சில நொடிகள் இயந்திரம் எண்ணெயின்றி உலர்ந்து ஓடும். அப்போது ‘கடகட’வென்னும் ஒலி கேட்கும்.

நான்காவது, வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். எண்ணெய் வெளியே கசியாமல் காப்பது இதுவே. மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவருடைய தந்தை வாங்கிய வடிகட்டியின் மரை சரியான அளவுடையது. வளையமோ சற்றுச் சிறியது. அது இயந்திரத்தின் தட்டையான பரப்பில் முழுமையாகப் படியாமல், பாதி விளிம்பில் நின்றது. மலைப்பாதையின் அதிர்விலும் எண்ணெயின் அழுத்தத்திலும் நாளடைவில் நழுவியது. எண்ணெய் வழிந்தது. அந்த வடிகட்டி வண்டிக்குப் பொருந்தியது. ஆனால் அதற்கு உரியதன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் வண்டியின் உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். வண்டியின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயருடைய காரில் பெட்ரோல், டீசல் என இருவகை இயந்திரங்கள் இருக்கலாம்; ஆண்டுக்கு ஆண்டு இயந்திரமே மாறியிருக்கலாம். ஆகவே வடிவகை, தயாரித்த ஆண்டு, எரிபொருள் ஆகிய மூன்றையும் கடையில் சொல்லவேண்டும். வடிகட்டியின் பாக எண்ணைக் குறித்துக்கொண்டு செல்வது மிக நன்று.

அடுத்து, பழைய வடிகட்டியையும் புதியதையும் அருகருகே வைத்து மரை, வளையத்தின் விட்டம், உயரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். இவை ஒத்திருந்தாலும் உள்ளிருக்கும் வால்வுகள் வேறுபடலாம். அதனைக் கண்ணால் காண இயலாது. பாக எண்ணே அதற்குச் சான்று.

வண்டி நிறுவனத்தின் பெயர் பொறித்த வடிகட்டியைத்தான் வாங்கவேண்டுமா? கட்டாயமில்லை. பெயர்பெற்ற வடிகட்டி நிறுவனங்கள் தம் பட்டியலில் அதே இயந்திரத்துக்கெனக் குறிப்பிட்டுள்ளவற்றையும் வாங்கலாம். விலை மிகுந்ததே சிறந்தது என்பதும் இல்லை. பெரியதே நல்லது என்பதும் இல்லை.

போலிகளிடம் விழிப்பாக இருங்கள். உறையில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும், இது சட்டம். எழுத்துப்பிழை, மங்கிய அச்சு, பிரித்து ஒட்டிய உறை, நம்ப முடியாத குறைந்த விலை ஆகியவை ஐயத்துக்கு உரியவை. கட்டாயம் ரசீது பெறுங்கள்.

மாற்றும் காலமும் முறையும்

இக்காலக் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றுள் எது முன்னர் வருகிறதோ அப்போது எண்ணெய் மாற்றுமாறு கையேடுகள் கூறுகின்றன. அதே கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்றொரு பகுதியும் இருக்கும். செங்குத்தான ஏற்றம், மிகுந்த சுமை, புழுதி நிறைந்த சாலை ஆகியவற்றில் ஓடும் வண்டிக்கு அதனினும் விரைவில் மாற்றவேண்டும் என்பது அதன் பொருள். இடுக்கியின் மலைப்பாதைகள் முதல் வகையைச் சேர்ந்தவை. பாலக்காட்டுக் கணவாயில் காற்று வேகமாக வீசும். வாளையார், வேலந்தாவளம், கோவிந்தாபுரம் வழியாகச் சரக்கு ஏற்றி வருவோர் கோடையில் புழுதியையும் சந்திப்பர். ஆகவே நம் பகுதி வண்டிகள் பலவற்றுக்கு அந்தப் பகுதியே உரியது.

எண்ணெயை மாற்றும்போதெல்லாம் வடிகட்டியையும் மாற்றுவது நல்வழக்கம். வடிகட்டியை மட்டும் மாற்றினால் போதாது. டீசல் கரியின் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் நுண்ணியது, காகிதத்தில் சிக்காது. எண்ணெயோடுதான் அதனை வெளியேற்ற முடியும்.

மாட்டுமுன் பழைய ரப்பர் வளையம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதன்மேல் புதியதைத் திருகினால் எண்ணெய் பீறிடும். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையால் திருகவேண்டும். வளையம் படிந்தபின் உறையிலுள்ள குறிப்பின்படி, பெரும்பாலும் முக்கால் சுற்று, இறுக்கினால் போதும். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டுக் கசிவு உண்டா என்று காணவேண்டும். நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலால் எண்ணெயை அளந்து பார்க்கவேண்டும். இவற்றைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்; சூடான எண்ணெய் கையைச் சுட்டுவிடும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை ஓடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. இந்தியச் சட்டப்படி அது தீங்குதரும் கழிவு. பெரியாற்றின் நீரும் பாரதப்புழையின் நீரும் நம் குடிநீர் அல்லவா? அதனை மூடிய கலத்தில் சேர்த்துப் பணிமனையிலேயே ஒப்படைக்கவேண்டும்.

சிவப்பு விளக்கு

மூக்கில் ஒரு துளி சொட்டும் எண்ணெய்க் குப்பியின் வடிவில், ஓட்டுநர் முன் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எண்ணெயின் அழுத்தம் குறைந்துவிட்டதைக் காட்டுகிறது. வண்டி ஓடும்போது அது எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி இயந்திரத்தை அணைக்கவேண்டும். அடுத்த வளைவு வரை என்று எண்ணுவதும் தவறு. அந்தத் தந்தை முதல் வளைவிலேயே நிறுத்தியிருந்தால், புதிய வடிகட்டியும் சில லிட்டர் எண்ணெயும் மட்டுமே செலவாகியிருக்கக்கூடும்.

நம் பங்கு

மாணவர்களே, வண்டியின் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகையும் ரசீதும் மலையாளத்தில் இருக்கின்றன. உங்கள் தந்தையோ மாமாவோ தமிழ் மட்டும் படித்தவராக இருக்கலாம். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே குறையைச் சொல்லும் திறமை அவர்களிடம் உண்டு. ஆயினும் உறையில் உள்ள சிறிய எழுத்துகள் அவர்களுக்கு எட்டாமல் போகின்றன. நீங்கள் மூன்று மொழிகளையும் படிக்கக் கற்றவர்கள். அடுத்த முறை அவர்களோடு கடைக்குச் செல்லுங்கள். கையேட்டில் உள்ள எண்ணையும் உறையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு வாசித்துத் தமிழில் சொல்லுங்கள்.

அம்மாணவியின் வீட்டில் இப்போது வடிகட்டி வாங்குவது அவருடைய பொறுப்பு. பாக எண்ணைத் தம் தமிழ் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

சொற்பொருள்

மரை – திருகாணியில் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளம்
மசகு – உராய்வைக் குறைக்கும் நெய்ப்பொருள்
ஊறு – துன்பம், கேடு
கணவாய் – மலைகளுக்கு இடைப்பட்ட வழி

மதிப்பீடு

1. சேர்த்து எழுதுக: எண்ணெய் + தொட்டி, மலை + பாதை.
2. பைபாஸ் வால்வு எந்நேரங்களில் திறக்கும்? ஏன்?
3. மரை சேர்ந்தும் எண்ணெய் ஒழுகியது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
4. ‘பொருந்துவதெல்லாம் உரியதன்று’ – இக்கருத்தை உம் வாழ்வில் கண்ட வேறொரு பொருளைக் கொண்டு விளக்குக.
5. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டி ஒன்றின் கையேட்டைப் பார்த்து, எண்ணெய் மாற்றும் காலத்தைத் தமிழில் எழுதி, வண்டி ஓட்டுபவரிடம் கொடுத்து வருக.