சுவரில் பெயின்ட் உரிந்தால் செய்ய வேண்டியவை

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மழையும் மண்சரிவுகளும் மலையகத்தில் ஏராளமான குடும்பங்களை இடம்பெயர வைத்தன. மரக்கறித் தோட்டத்தையும் மாட்டுக் கொட்டிலையும் விட்டு வந்த ஒரு குடும்பத்துக்குப் பூட்டிக் கிடந்த லயக் காம்பரா ஒன்று கிடைத்தால், முதலில் கண்ணில் படுவது அதன் சுவர்தான். பெயின்ட் கொப்புளித்து நிற்கும். படுக்கும் பாயில் செதில் செதிலாக விழும். பொங்கலுக்கு முன் ஒரு டின் பெயின்ட் வாங்கி அடித்துவிடலாம் என்று நினைப்போம். ஆனால் டிக்கோயா போன்ற இடத்தில் அந்தக் காசு அடுத்த மழையோடு போய்விடும். பெயின்டைத் தள்ளிவிடுவது சுவருக்குள் இருக்கும் தண்ணீர். அதை நிறுத்தாமல் எத்தனை முறை பூசினாலும் உரியத்தான் செய்யும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உரிந்த இடமே இதற்குப் பதில் சொல்லும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உரிந்திருந்தால், ஈரம் நிலத்திலிருந்து ஏறுகிறது. சரிவில் கட்டிய லயங்களில் மண்மேட்டை ஒட்டிய பின்சுவர் இப்படித்தான் கெடும். கூரைக்குக் கீழே கோடு கோடாக உரிந்திருந்தால், தகரத்தின் ஆணி ஓட்டையோ உடைந்த பீலியோ காரணம். மூலையிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால், அடுப்பின் நீராவியும் வீட்டுக்குள் காயப்போடும் ஈரத்துணியும் காரணம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஓரடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் நன்றாக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பொலித்தீனின் உட்புறத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறத்தில் கோத்திருந்தால் அது அறையின் நீராவி.

முதலில் கான், பிறகு சுண்ணாம்பு

பின்சுவரோடு சேர்ந்து குவிந்த மண்ணை, வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே வரும்வரை அகற்ற வேண்டும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கானைத் துப்புரவாக்கி, தண்ணீர் தேங்காமல் ஓட வழி செய்ய வேண்டும். மேட்டின் அடியை மட்டும் செங்குத்தாக வெட்டக் கூடாது. அது மண்மேட்டையே சரிய வைக்கும். லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது என்றால் முன்கூட்டியே தோட்ட நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். சமைக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். துணியை இஸ்தோப்பில் காயப்போடுங்கள்.

பிறகு சுவர் காய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரிலும் மழை விடாது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரைதான் இவ்வேலைக்கு ஏற்ற காலம்.

காய்ந்த சுவரில் தளர்ந்த பெயின்டை மட்டும் சுரண்டி எடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள்ளே போகும்.

பழைய லயங்கள் பலவற்றின் சுவர் கருங்கல்லும் மண்சாந்தும் சேர்த்துக் கட்டியது. அப்படிப்பட்ட சுவருக்கு மூச்சுவிட இடம் வேண்டும். கெட்டியான சீமெந்தும் பிளாஸ்டிக் போலப் படியும் பெயின்டும் ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகின்றன. பொரிந்த இடத்தை ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தால் நிரப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. செலவும் குறைவு.

நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, துணியில் வடித்து, பால்போல நீர்க்கக் கரையுங்கள். சுவரை லேசாக நனைத்த பிறகே அடியுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். பூசும்போது தண்ணீராகத் தெரியும், காயக்காய வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு சுண்ணாம்பு மெல்ல மீண்டும் கல்லாக மாறுகிறது. உலர்ந்த சுவரில் தடிப்பாக ஒரே முறை அடித்தால்தான் துணியில் ஒட்டும்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது கால் மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கரைத்த வாளியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். நீற்றாத சுண்ணாம்பு தண்ணீரில் கொதிக்கும். அதை வீட்டில் நீற்ற வேண்டாம்.

பளபளக்கும் பெயின்டின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது. சீமெந்துக் கல்லில் கட்டிய புது வீடாக இருந்தால் எமல்சன் அடிக்கலாம். ஆனால் பூச்சு முடிந்து குறைந்தது நான்கு வாரம் காய விட வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக.

கதவிலும் யன்னலிலும் கவனம்

பழைய எனாமல் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். இலங்கையில் பெயின்டிலுள்ள ஈயத்தின் அளவுக்கு 2013 ஜனவரி 1 முதல்தான் சட்ட எல்லை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு, யன்னல், கட்டில் எல்லாவற்றையும் ஈயம் உள்ளவையாகவே கருதுவது நல்லது. கீழே விழும் செதிலைத் தவழும் பிள்ளை வாயில் வைக்கும். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தீங்கில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

ஆகவே அந்தப் பெயின்டை உலர்ந்தபடி தேய்க்கவோ நெருப்பால் சுடவோ கூடாது. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, கீழே பொலித்தீன் விரித்து, நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். செதில்களைக் கூட்டிப் பையில் கட்டிவிடுங்கள். மரக்கறிப் பாத்தியிலோ கோழி மேயும் இடத்திலோ கொட்டாதீர்கள். ஈயம் மண்ணில் மக்காது. கோழி கொத்தினால் முட்டைக்கும் வரும். இடிந்த வீட்டின் பெயின்ட் அடித்த பலகையை அடுப்பில் வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் இருக்கும்.

வெடிப்பைப் பூசி மறைக்காதீர்கள்

சுரண்டும்போது சுவரில் புதிய வெடிப்பு தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். வெடிப்பு சாய்வாக ஓடி நாளுக்கு நாள் விரிந்தால், கதவு திடீரென இறுகினால், முற்றத்திலும் நிலம் பிளந்தால், மேட்டில் புதிதாகக் கலங்கிய ஊற்று வந்தால், நிலம் நகர்கிறது என்று கொள்ள வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தால் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லலாம். அந்த இடத்தில் தொடர்ந்து குடியிருக்கலாமா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தினர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை மண்சரிவுக்குத் தப்பி வந்தவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: மழைக்காலத்தில் ஈரம் எங்கே ஏறுகிறது என்று பார்த்துக் கரித்துண்டால் குறியிட்டு வையுங்கள். மழை விட்டதும் கானையும் பீலியையும் சரிசெய்யுங்கள். பெப்ரவரியில் சுரண்டி நிரப்புங்கள். மார்ச்சில் சுண்ணாம்பு அடியுங்கள். அண்டை வீட்டாரும் சேர்ந்து முழு லயத்துக்கும் ஒரே கான் வெட்டினால் எல்லாச் சுவரும் காயும். ஒரு காம்பராவுக்கு மட்டும் வெட்டினால் பக்கத்துக் காம்பராவின் ஈரம் மீண்டும் உங்கள் சுவருக்கே வரும்.